சட்டத்தை மீறிய லிம்போசைட்

கதிர் வந்த கதை – பகுதி 9

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் யாருக்காவது கன்னத்தின் உட்புறம் ஆறாத புண் வந்து, அது வெறும் புண் இல்லை என்று தெரிந்துவிட்டால், குடும்பத்தின் முன் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று திருத்தணி வழியாகச் சென்னை அடையாறு. மற்றொன்று சோளிங்கர் வழியாக வேலூர். எங்கே போனாலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, அது இல்லாமலோ, பலருக்குக் கதிர் சிகிச்சை உண்டு. ஊரில் அதற்குப் பெயர் கரண்ட் வைப்பது. திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு 2 கிரே அளவுக் கதிர், மொத்தம் 30 அல்லது 35 சிட்டிங். சிட்டிங் என்றால் மேஜையில் சில நிமிடங்கள் அசையாமல் படுப்பது, அவ்வளவுதான். வலிக்காது, சுடாது.

விளைவுகள் பிறகு ஒவ்வொன்றாக வருகின்றன. முதல் வாரத்திலேயே வாய் உலரத் தொடங்கும். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் உட்கன்னத் தோல் சிவந்து புண்ணாகி, ரசம் சாதம்கூட எரியும். கதிர் பட்ட பக்கத்தில் மட்டும் தாடி கொட்டும், கழுத்துத் தோல் கறுக்கும். அதே கதிர் தாடை எலும்பையும் துளைத்துக்கொண்டுதான் போயிருக்கிறது. ஆனால் எலும்பு அப்போது வாய் திறக்காது. மாதங்களோ வருடங்களோ கழித்து ஒரு பல்லைப் பிடுங்கும்போது, குழி ஆறாமல் எலும்பே சீரழிவதாக அது வெளிப்படலாம். சிகிச்சை தொடங்கும் முன்பே நோயாளியைப் பல் மருத்துவரிடம் அனுப்புவது இதனால்தான். கழுத்துத் தசையோ ஏறக்குறைய எதுவும் நடக்காததுபோல் இருந்துவிடும்.

ஒரே கருவி, ஒரே அளவு, கையகல இடம். செல்கள் மட்டும் ஏன் இப்படி ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்கின்றன?

இதற்கு 1906-ஆம் ஆண்டு பிரான்சில் ஒரு விடை சொன்னார்கள். சட்டம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அந்தச் சட்டம் அழகானது, பயனுள்ளது, பாதி உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க இன்னும் 90 ஆண்டுகள் ஆயின. அதற்கான சாட்சி சட்டம் எழுதப்படுவதற்கு முன்பே அச்சில் வந்திருந்தது என்பதுதான் இந்தக் கதையின் வேடிக்கை.

முதலில் பலியானது முடி. 1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு, தலையில் குண்டு பாய்ந்த ஒரு குழந்தையைப் படம் எடுக்க முடியுமா என்று கேட்டு வந்தார்கள். குழந்தையின் மேல் சோதித்துப் பார்க்க மனம் வராத ஜான் டேனியல் என்ற இயற்பியலாளர், தன் சக பேராசிரியர் வில்லியம் டட்லியின் தலையில் முதலில் சோதித்தார். மருத்துவப் பிரிவின் டீனாக இருந்த டட்லி ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். படம் சரியாக வரவில்லை. 21 நாள் கழித்து, குழாய்க்கு நேராக இருந்த இடத்தில் வட்டமாக முடி கொட்டியது. தோல் அப்படியே இருந்தது. கதிர் தோலைத் தாண்டித்தான் முடியின் வேருக்குப் போயிருக்க முடியும். ஆனால் தோலை விட்டுவிட்டு வேரைப் பிடித்திருக்கிறது.

இதை டேனியல் பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டு வியன்னாவில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் என்ற மருத்துவர், முதுகெல்லாம் முடி அடர்ந்த மச்சம் கொண்ட ஒரு சிறுமிக்கு முடி உதிர்வதற்காகவே எக்ஸ் கதிர் வைத்தார். பக்க விளைவு ஒரே ஆண்டுக்குள் சிகிச்சையாகிவிட்டது.

1903-இல் ஜெர்மனியிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. ஹாம்பர்க் நகரில் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க், கதிர் பட்ட ஆண் முயல்களும் கினிப் பன்றிகளும் வெளிக்காயம் எதுவும் இல்லாமலேயே மலடாகிவிடுவதைக் காட்டினார். லைப்சிக் நகரில் ஹெர்மன் ஹைனெக், கதிர் பட்ட எலிகளை அறுத்துப் பார்த்தார். மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் இருந்த லிம்போசைட்டுகள், அதாவது வெள்ளை அணுக்களில் ஒரு வகை, சில மணி நேரத்துக்குள் சிதைந்துகிடந்தன. மற்ற உறுப்புகள் நன்றாகத்தான் இருந்தன. ஹைனெக்கின் இந்தக் கட்டுரையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரான்சின் போர்டோ நகரில் ழான் பெர்கோனியே என்ற மருத்துவரும் லூயி திரிபோந்தோ என்ற கடற்படை மருத்துவரும் எலிகளின் விதைப்பையை எடுத்துக்கொண்டார்கள். தேர்வு சாமர்த்தியமானது. விந்தணுவாகப் போகும் செல்கள் அங்கே ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு இடையிலேயே, ஹார்மோன் சுரக்கும் செல்கள் பிரியாமல் அமைதியாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே கதிர் படும். விளைவு தெளிவாக இருந்தது. பிரியும் செல்கள் அழிந்தன, அமைதியாக இருந்தவை பிழைத்தன. 1906-இல் இருவரும் விதியை எழுதினார்கள். எந்தச் செல் வேகமாகப் பிரிகிறதோ, எதற்கு இன்னும் பல பிரிவுகள் பாக்கியிருக்கின்றனவோ, எது இன்னும் முதிர்ந்து தனக்கென ஒரு வேலையில் அமரவில்லையோ, அதைத்தான் கதிர் அதிகம் தாக்கும்.

இந்த விதியை வைத்துக்கொண்டு பார்த்தால் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும். முடியின் வேர், குடலின் உட்பூச்சு, எலும்பு மஜ்ஜை, வாயின் உட்தோல் எல்லாம் தொடர்ந்து செல்களைப் பிறப்பித்துக்கொண்டிருப்பவை. நரம்பும் தசையும் அப்படியில்லை. புற்றுக்கட்டி ஏன் கதிருக்குக் கரைகிறது என்பதற்கும் அதுவே விடை, கட்டி என்பதே அடங்காமல் பிரியும் செல்கள்தானே. பெர்கோனியேயின் சொந்த முடிவும் கதிராலேயே வந்தது. பாதுகாப்பில்லாமல் ஆண்டுக்கணக்கில் கதிரோடு வேலை செய்ததில் விரல்களையும் பிறகு கையையும் இழந்து, 1925 ஜனவரியில் இறந்தார்.

இனி ஹைனெக்கின் லிம்போசைட்டுக்கு வருவோம். இரத்தத்தில் ஓடும் லிம்போசைட் முதிர்ந்த செல். தூண்டுதல் வந்தாலொழிய பிரியாது. நோய்க் கிருமிக்காகக் காத்துக்கொண்டு மாதக்கணக்கில், சில வருடக்கணக்கில்கூட, சும்மாச் சுற்றிக்கொண்டிருக்கும். பெர்கோனியே, திரிபோந்தோ சொன்னபடி பார்த்தால் அது கதிருக்குக் கொஞ்சமும் அசையக் கூடாது. உண்மையில் மனித உடலில் கதிருக்கு மிக எளிதாகச் சாகும் செல்களில் அது முன்வரிசை. சட்டம் பிறப்பதற்கு 3 ஆண்டு முன்பே அதை மீறியவன் பிறந்துவிட்டான். ஆனால் ஒரு நல்ல விதி கிடைத்துவிட்டால் விதிவிலக்கை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவது அறிவியலிலும் நடப்பதுதான். லிம்போசைட் பல பத்தாண்டுகள் அடிக்குறிப்பிலேயே கிடந்தது.

விதிவிலக்கு அது ஒன்று மட்டும் இல்லை. காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்களும் முதிர்ந்தவை, அரிதாகவே பிரிபவை. அவைதான் முதல் வாரத்திலேயே வாயை உலர்த்துகின்றன. பெண்ணின் சூலகத்தில் பிறப்பிலிருந்தே உறங்கும் சினைமுட்டைகளும் அப்படியே. அவற்றில் பாதி அழிய 2 கிரேகூடத் தேவையில்லை.

கதை இப்போது சென்னைக்கு வருகிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்டின் பெயரால் கதிரியல் நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. அன்றைய ஆழ் எக்ஸ் கதிர்க் கருவிகளின் ஆற்றல் குறைவு. அளவில் பெரும்பகுதி தோலிலேயே இறங்கிவிடும். உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதுமான கதிர் போவதற்குள் மேல்தோல் வெந்துவிடும். ஆகவே அந்தக் காலத்துத் தோல் புண்களுக்குச் செல்களின் குணத்தைவிடக் கருவிதான் முக்கியக் காரணம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 1950-களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கருவி அங்கே வந்தது. உலகில் முதல் நோயாளிக்குக் கோபால்ட் கதிர் வைத்ததே 1951 அக்டோபரில், அதே கனடாவில்தான். பள்ளிப்பட்டு அப்போது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1-இல். எல்லை மாறுவதற்கு முன்பே கோபால்ட் வந்துவிட்டது.

கோபால்டின் காமா கதிர் தன் முழு வலுவையும் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழேதான் காட்டும். மேல்தோல் தப்பியது. கருவியின் மேல் போட்ட பழி குறையக் குறைய, செல்களின் குணம் வெளியே தெரிய ஆரம்பித்தது. அடையாறுக்கு வந்த கூட்டத்தில் வாய்ப் புற்றும் கருப்பை வாய்ப் புற்றும்தான் அதிகம், அதிலும் முற்றிய நிலையில். புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் பழக்கம் இந்தப் பக்கத்துத் தறிக் கொட்டகைகளுக்கும் வயல்களுக்கும் புதிதல்ல. வாய்ப் புற்றில் மருத்துவர்கள் எங்கும் காண்பது இதுதான்: நுண்ணோக்கியில் ஒரே வகை, அளவிலும் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கட்டிகளில் ஒன்று கதிருக்குக் கரையும், இன்னொன்று அசையாது. இரண்டிலும் செல்கள் பிரியத்தான் செய்கின்றன. பெர்கோனியேயின் சட்டம் இங்கே உதவவில்லை.

கட்டிகளுக்கிடையே உள்ள வித்தியாசத்துக்கு ஒரு காரணம் லண்டனில் கிடைத்தது. கதிரின் அளவுக்கே இன்று யாருடைய பெயரோ, அந்த லூயி ஹரால்ட் கிரேயும் கூட்டாளிகளும் 1953-இல் ஆக்ஸிஜனைக் கணக்கில் கொண்டுவந்தார்கள். கதிர் படும் நொடியில் பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் செல் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு. செல்லுக்குள் இருக்கும் நீரைக் கதிர் உடைக்கும்போது பிறக்கும் துடிப்பான மூலக்கூறுகள் டி.என்.ஏ.யைத் தாக்குகின்றன. ஆக்ஸிஜன் அந்தக் காயத்தை ஆறவிடாமல் நிலைக்க வைத்துவிடுகிறது. அடுத்து 1955-இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளைச் சீவிப் பார்த்தபோது, இரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு தூரத்துக்கு அப்பால் செல்கள் மூச்சில்லாமல் இறந்துகிடந்தன. உயிருள்ள பகுதிக்கும் இறந்த பகுதிக்கும் நடுவே ஒரு மெல்லிய பட்டை உண்டு. அதில் இருப்பவை சாகவும் இல்லை, போதுமான ஆக்ஸிஜனும் இல்லை. கதிரைத் தாங்கி நின்று பிறகு கட்டியை மறுபடி வளர்ப்பவை அவை.

கதிர் தொடங்கும் முன் ஹீமோகுளோபின் பார்த்து, குறைவாக இருந்தால் இரத்தம் ஏற்றுவதும், சிகிச்சை நடக்கும் வாரங்களில் பீடியைக் கட்டாயம் நிறுத்தச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். பீடிப் புகையின் கார்பன் மோனாக்சைடு, கட்டிக்குப் போக வேண்டிய ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மருத்துவர் நோயாளியை ஒழுக்கத்துக்காகத் திட்டுகிறார் என்று வீட்டார் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆனாலும் தனி ஒரு செல்லின் கதை இன்னும் யாருக்கும் தெரியாது. அதுவரை பார்த்ததெல்லாம் உறுப்பு, கட்டி, கூட்டம். தனித்தனி மனித செல்லைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துக் கதிர் வைத்து, எது குடும்பம் நடத்துகிறது, எது நின்றுவிடுகிறது என்று எண்ணியவர்கள் தியோடர் பக்கும் பிலிப் மார்க்கஸும். ஊர் டென்வர், ஆண்டு 1956. அவர்கள் எடுத்துக்கொண்டது ஹீலா செல்கள். 1951-இல் பால்டிமோரில் கருப்பை வாய்ப் புற்றால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவருடைய அனுமதி கேட்காமல் எடுத்து வளர்த்த செல்கள் அவை. அவருக்கும் ரேடியம் வைத்துத்தான் சிகிச்சை செய்திருந்தார்கள்.

பக், மார்க்கஸ் போட்ட வளைகோடு எல்லோரையும் திகைக்க வைத்தது. வளர்ப்புத் தட்டில் மனித செல்லை ஒழிக்க மிகப் பெரிய அளவு கதிர் வேண்டும் என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். இவர்கள் எண்ணியபோதோ, தொடக்கத் தாங்குதலைக் கடந்த பிறகு ஏறக்குறைய 1 கிரே கூடினாலே பிழைப்பவை மூன்றில் ஒன்றாகக் குறைந்தன. பழைய கணக்கு தவறிய காரணம் எளியது: கதிர் பட்ட செல் உடனே சாவதில்லை. பார்க்க நன்றாகவே இருக்கும், பருமனாகவும் ஆகும். பிரிய முயலும்போதுதான் சாகும். உயிரோடு இருப்பதை எண்ணாமல் சந்ததி உண்டாக்குவதை எண்ணியதுதான் இவர்கள் செய்த மாற்றம்.

இந்த அளவுகளில் உள்ள ஆற்றல் எவ்வளவு என்று பார்த்தால் நம்பக் கடினம். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே பட்டால், சிகிச்சை இல்லாத நிலையில் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அந்த 4 கிரே 70 கிலோ உடம்பில் இறக்கும் மொத்த வெப்பம், ஒரு மிடறு சூடான காப்பியில் இருப்பதுதான். ஆகவே செல்லைக் கொல்வது வெப்பம் இல்லை, அந்தச் சிறு ஆற்றல் எங்கே குவிகிறது என்பது. 1 கிரே பட்டால் ஒரு செல்லின் டி.என்.ஏ.யில் ஓர் இழை மட்டும் அறுபடும் இடங்கள் ஆயிரம் வரை. அவற்றை எதிர் இழையைப் பார்த்துச் செல் சுலபமாகத் தைத்துவிடும். இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுபடுவது சுமார் 40. ஆபத்து அந்த நாற்பதில். அதிலும் எந்தச் செல்லில் எங்கே அறுபடும் என்பது தற்செயல். இரட்டைச் செல்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுக்கு விழும் அடி மற்றொன்றுக்கு விழாது.

அறுந்ததைச் செல் தைக்கிறது என்பதை 1959-இல் மார்ட்டிமர் எல்கைண்டும் ஹாரியட் சட்டனும் காட்டினார்கள். ஒரே தவணையில் கொடுக்கும் கதிரை இரண்டாகப் பிரித்து, நடுவே சில மணி நேரம் இடைவெளி விட்டால், பிழைக்கும் செல்கள் கூடின. அதற்கு வெகு முன்பே, 1920-களில், பாரிஸில் குளோதியஸ் ரெகோ செம்மறிக் கிடாக்களின் விதைப்பைகளில் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருந்தார். ஒரே நாளில் மலடாக்கினால் தோல் வெந்துவிடும். வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் கொடுத்தால் மலடாகும், தோல் தப்பும். இன்றைய 35 சிட்டிங்கின் மூதாதை அந்தக் கிடாக்கள்தான்.

அடுத்த சோதனைதான் இந்தப் பகுதியின் கேள்விக்கு மிக நேரான விடை. 1961-இல் தெரசிமாவும் டோல்மாக்கும் ஹீலா செல்களின் ஒரு குணத்தைப் பயன்படுத்தினார்கள். இரண்டாகப் பிரியும் தருணத்தில் ஹீலா செல் உருண்டையாகித் தட்டின் மேல் பிடி தளர்ந்திருக்கும். தட்டை இலேசாகக் குலுக்கினால் பிரிந்துகொண்டிருப்பவை மட்டும் மேலே வந்துவிடும். அவற்றைத் தனியே எடுத்து வைத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் அடியெடுத்து வைக்கும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தட்டு எடுத்து அதே அளவு கதிர் வைத்தார்கள். பிரியும் தருணத்தில் பட்டவை ஏராளமாகச் செத்தன. டி.என்.ஏ.யைப் படியெடுத்து முடிக்கப் போகும் நேரத்தில் பட்டவை நன்றாகப் பிழைத்தன. பிரிவதற்குச் சற்று முன் நிலை மீண்டும் மோசம்.

ஒரே பெண்ணின் ஒரே கட்டியிலிருந்து வந்த, மரபில் வேறுபாடில்லாத செல்கள் இவை. இவற்றின் கதியைப் பிரித்தது கடிகாரம் மட்டுமே. படியெடுக்கும் கட்டத்தின் இறுதியில் அறுந்த டி.என்.ஏ.க்குப் பக்கத்திலேயே அதன் அச்சான நகல் இருக்கிறது, அதைப் பார்த்துப் பிழையில்லாமல் தைக்கலாம். பிரியும் தருணத்திலோ குரோமோசோம்கள் இறுக்கி மடிக்கப்பட்டிருக்கும், தைக்க அவகாசமும் இல்லை. பெர்கோனியே வேகமாகப் பிரியும் செல்கள் சாகின்றன என்றார். அந்தச் செல்களுக்குள்ளேயே பிழைக்கும் நேரமும் சாகும் நேரமும் மாறி மாறி வருவது அவருக்குத் தெரிய வழியில்லை. இன்று தப்பியது நாளை வேறு கட்டத்தில் மாட்டும் என்பதும், நல்ல செல்கள் இரவுக்குள் தைத்துக்கொள்ளும் என்பதும், கட்டியின் உள்ளே இருந்தவற்றுக்கு வெளிச்செல்கள் கரையக் கரைய ஆக்ஸிஜன் எட்டும் என்பதும் சேர்ந்துதான் தவணைச் சிகிச்சைக்கு அர்த்தம் கொடுத்தன.

அடையாறில் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் 1970-களில் வாய்ப் புற்றுக்குக் கதிரோடு பிளியோமைசின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, கதிர் மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். பிளியோமைசினும் டி.என்.ஏ.யை அறுப்பதுதான். தைக்கும் வேலையைச் செல்லுக்கு இரட்டிப்பாக்குவது அதன் விளைவு. தைக்கும் திறமைதான் பிழைப்பைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஆய்வகத்துக்கு வெளியே, படுக்கையில் கிடந்த நோயாளிகளிடமிருந்தும் சான்று வந்துகொண்டிருந்த காலம் அது.

மிக வலுவான சான்று ஓர் அரிய நோயிலிருந்து வந்தது. நடக்கப் பழகும் வயதில் தள்ளாட்டம், வெண்விழியில் சிவந்த இரத்தக் குழாய்கள், அடிக்கடி தொற்று. அட்டாக்ஸியா டெலாஞ்ஜியெக்டேசியா என்பது அதன் பெயர். இந்தக் குழந்தைகளுக்கு இரத்தப் புற்றும் நிணநீர்ப் புற்றும் அதிகம் வரும். அப்படி வந்த ஒரு குழந்தைக்கு வழக்கமான அளவில் கதிர் கொடுத்தபோது உடல் தாங்காமல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை 1967-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். 1975-இல் டெய்லரும் பிரிட்டனில் இருந்த கூட்டாளிகளும் இந்த நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். மற்றவர்களின் செல்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு எளிதாகச் செத்தன. அந்தச் செல்கள் வேகமாகப் பிரிபவையும் அல்ல. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் யோசெஃப் ஷிலோவின் குழு 1995-இல் காரணமான மரபணுவைப் பிடித்தது. டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் அறுந்ததும் முதலில் தகவல் சொல்ல வேண்டிய புரதம், ஏ.டி.எம்., இவர்களிடம் வேலை செய்வதில்லை. அறுந்தது தெரியாததால் செல் நிற்பதும் இல்லை, சரியாகத் தைப்பதும் இல்லை.

லிம்போசைட்டின் புதிர் அவிழ்ந்ததும் அதே பத்தாண்டில்தான். செல் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொண்டு சாகும் முறைக்கு ஸ்காட்லாந்தில் கெர், வில்லி, கரி மூவரும் 1972-இல் அபாப்டோசிஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த வில்லியே இருந்த எடின்பரோ குழுவும், அமெரிக்காவில் மற்றொரு குழுவும் 1993-இல் ஒரே முடிவைத் தனித்தனியே வெளியிட்டன. பி53 என்ற புரதம் இல்லாமல் வளர்த்த எலிகளின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த இளம் லிம்போசைட்டுகள் கதிருக்குச் சாகவில்லை. புரதம் இருந்தவற்றில் வழக்கம்போல் செத்தன. ஆக, லிம்போசைட்டைக் கொல்வது அறுந்த டி.என்.ஏ. மட்டும் அல்ல. அறுந்தது என்ற செய்தி கிடைத்ததும், தைத்துப் பார்ப்பதற்குக் காத்திராமல், அது தானே முடித்துக்கொள்கிறது. நோய் எதிர்ப்புப் படையில் பிழையோடு பெருகும் ஒரு செல் உடம்பையே தாக்கலாம், புற்றாகலாம். அதனால் இங்கே சந்தேகத்தின் பலன் செல்லுக்குக் கிடைப்பதில்லை. தோலின் இணைப்புத் திசு செல் அதே பி53-இன் செய்தியைக் கேட்டு வேலையை நிறுத்தி வைத்துத் தைக்கிறது, அல்லது நிரந்தரமாக நின்றுவிடுகிறது. ஒரே காயத்துக்கு எந்தச் செல் என்ன பதில் சொல்லும் என்பது பெரும்பாலும் அதன் பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

லிம்போசைட்டின் இந்தக் குணம் மருத்துவருக்கு அளவுகோலாகவும் பயன்படுகிறது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை ஏலத்தில் விற்ற பழைய கருவியொன்றை உடைத்தபோது, உள்ளே இருந்த கோபால்ட்-60 வெளியே வந்தது. அடையாறில் நோயைத் தீர்க்க வந்த அதே பொருள்தான். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இப்படிப்பட்ட விபத்தில் மருத்துவர்கள் முதல் இரண்டு நாளில் விடாமல் எண்ணுவது லிம்போசைட்டை. அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதிலிருந்து எவ்வளவு கதிர் பட்டது என்பதை மதிப்பிடலாம். மற்ற வெள்ளை அணுக்களும் இரத்தத் தட்டுகளும் மஜ்ஜையில் புதிதாகப் பிறக்காமல் போவதால் வாரங்களில் குறையும். சிவப்பணுவுக்கு உட்கருவே இல்லை, அறுபட டி.என்.ஏ.யும் இல்லை. அது தன் 120 நாளையும் வாழ்ந்துவிட்டுத்தான் போகும். ஒரு சொட்டு இரத்தத்துக்குள் மூன்று விதி.

உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்த தீர்வு உயிரியலைவிடப் பொறியியலில் இருந்து வந்தது. கதிரின் வடிவத்தைக் கணினியால் செதுக்கிச் சுரப்பியைத் தவிர்க்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையை, பிரிட்டனில் பழைய முறையோடு வைத்துச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துத் தொந்தரவு தரும் அளவுக்கு வாய் உலர்ந்திருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், புதிய முறையில் 38 சதவீதம். செல்லை மாற்ற முடியாவிட்டால் கதிரை வளைத்துக்கொண்டு போவது.

மரபு ஒன்று, வகை ஒன்று என்று வைத்தால்கூடச் செல்கள் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பது 2004-இல் கண்ணுக்கே தெரிந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் கலித் லஹாவும் கூட்டாளிகளும் மார்பகப் புற்றுச் செல்களில் பி53-ஐ ஒளிரும்படி செய்து, கதிர் வைத்து, செல் செல்லாகப் படம் பிடித்தார்கள். பல செல்களின் சராசரியை எடுத்தால் பி53 கொஞ்சம் ஏறி மெல்ல அடங்குவதுபோல் தெரியும். தனிச் செல்லிலோ அது துடிப்பாக வந்தது. ஒவ்வொரு துடிப்பும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே நீளம். ஆனால் அதே அளவு கதிருக்குச் சில செல்கள் ஒரு முறையும் துடிக்கவில்லை. சில ஒரு முறை துடித்தன, சில இரண்டு, சில அதற்கும் மேல். கதிரைக் கூட்டினால் துடிப்பு பெரிதாகவில்லை, அதிகம் துடிக்கும் செல்கள்தான் கூடின. நூறாண்டாகச் சராசரியைப் பார்த்து எழுதிய பல வரிகளை அந்த ஒளிப்படங்கள் திருத்த வைத்தன.

இந்த வேறுபாட்டையெல்லாம் நோயாளிக்குச் சாதகமாக்க முடியுமா என்ற முயற்சியும் நடக்காமல் இல்லை. ஃபெர்டிலும் மலேஸும் 1981-இல் மனிதக் கட்டிகளிலிருந்து வளர்த்த பல செல் வகைகளை ஒப்பிட்டு, 2 கிரே பட்ட பின் எவ்வளவு பங்கு பிழைக்கிறது என்பது அந்தந்தப் புற்று மருத்துவமனையில் கதிருக்கு எவ்வளவு மசிகிறது என்பதோடு ஒத்துப்போவதைக் கண்டார்கள். தவணைச் சிகிச்சையின் நான்கு காரணங்கள் என்று பாடப்புத்தகங்கள் எண்ணிவந்ததோடு, செல்லின் பிறவிக் குணம் என்று ஐந்தாவதாக ஒன்றை ஸ்டீலும் கூட்டாளிகளும் 1989-இல் சேர்த்தார்கள். மான்செஸ்டரில் கருப்பை வாய்ப் புற்று நோயாளிகளின் கட்டியிலிருந்து செல் எடுத்து, 2 கிரே வைத்து, பிழைத்தவற்றை எண்ணி, சிகிச்சை எப்படி முடியும் என்பதை ஓரளவு முன்கூட்டிச் சொல்லவும் முடிந்தது. 1997-இல் அந்த முடிவு வெளிவந்தது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் தட்டில் செல் வளர்ந்து எண்ணிக்கைக்கு வர வாரக்கணக்கில் ஆயிற்று, சிலருடைய செல்கள் வளரவே மறுத்தன. கட்டி அவ்வளவு நாள் காத்திருக்காது. நாளுக்கு 2 கிரே என்ற பொது அளவே பெரும்பாலான மருத்துவமனைகளில் இன்னும் தொடர்கிறது.

(தொடரும். அடுத்த பகுதி: 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கண்டெடுத்த மோனசைட்டும், அந்தக் கரையோரத்து மக்களின் இரத்தச் செல்களும்.)